ஹவாரியா சொல்லாமல் விட்டது

வஹ்ரான் துறைமுக நகரில் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் எங்கள் கட்டடத்தில் யாரும் தூங்க முடியாது. காலை ஆறு மணிக்குக் குழாய் முதலில் இருமும், பிறகு செந்நிறமாகத் துப்பும், அப்புறம்தான் தண்ணீர். ஐந்து மாடியிலும் பெண்கள் வாளி, பானை, கேன் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நிரப்புவார்கள். எல்லாம் நிரம்பிய பிறகு கடைசியாகக் குளியல் தொட்டி. பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கட்டடத்தைக் கட்டியபோது வீட்டுக்கு ஒன்றாக, வார்ப்பிரும்பில் வெள்ளை எனாமல் பூசிய தொட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அதில் படுத்துக் குளித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. குளிக்க ஹம்மாம் என்ற பொதுக் குளியல்கூடம் இருக்கிறது. தொட்டி, அடுத்த மூன்று நாளைக்கான தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கு. தலைநகரிலிருந்து எந்த அமைச்சர் வந்தாலும் அடுத்த ஆண்டிலிருந்து தினமும் தண்ணீர் என்பார். நாங்களும் கைதட்டிவிட்டு வந்து தொட்டியை நிரப்புவோம்.

அந்தத் தண்ணீரும் உப்பு. குடிப்பதற்கு லாரித் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் நின்று நின்று, தொட்டியின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே பழுப்பாக ஒரு பட்டை விழுந்துவிடும். குழாய்க்கு நேர் கீழே துரு ஒழுகிய சிவப்புக் கோடு வேறு. சோப்பு, சாம்பல், எலுமிச்சை, சோடா உப்பு என்று யார் எதைப் போட்டுத் தேய்த்தாலும் பட்டை கொஞ்சம் வெளிறும். அடுத்த வாரமே பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டடத்தில் எல்லார் வீட்டுத் தொட்டியும் இப்படித்தான் இருந்தது, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று இரண்டாம் மாடி ஹவாரியாவுடையது. அவளுடைய தொட்டி பால் போல இருக்கும். கட்டடத்தில் கல்யாணமோ, சுன்னத்து விருந்தோ, சாவோ, எது நடந்தாலும் வெளியூர்ப் பெண்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவ ஹவாரியாவின் வீட்டுக்குத்தான் அனுப்பப்படுவார்கள். அவர்கள் வெளியே வரும்போது முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்ப்பதற்காகவே அவள் கதவருகில் துண்டோடு நிற்பாள். யாராவது "மாஷா அல்லாஹ், எப்படிம்மா இப்படி வச்சிருக்க" என்று கேட்டால், "என்னத்தப் பெரிசா, தினம் தேய்க்கிறதுதான்" என்பாள். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வற்புறுத்திக் கேட்டதில்லை.

வற்புறுத்திக் கேட்டாலும் பயனில்லை. எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெருநாள் பலகாரத்தின் பக்குவத்தைக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் கருமி என்று பெயர் வந்துவிடுமே. மாவு இவ்வளவு, வெண்ணெய் இவ்வளவு என்று அன்பாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். கேட்டவள் செய்து பார்ப்பாள், பலகாரம் ஏதோ ஒரு மாதிரி வரும், தன் கைப்பக்குவத்தைத் தானே நொந்துகொள்வாள். இதை யாரும் பாவம் என்று நினைத்ததில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தார்கள். ஹவாரியா அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கைதேர்ந்தவள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் மாடிக்கு, அதாவது ஹவாரியாவின் தலைக்கு நேர் மேலே, ஷஃபீக்கா குடிவந்தாள். தெலெம்சான் ஊர்க்காரி. அந்த ஊர்ப் பெண்கள் பேசினால் காதில் தேன் ஊற்றுவதுபோல் இருக்கும், சண்டை போட்டால்கூட. எல்லாரையும் "லல்லா", "லல்லா" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். ஒரே மாதத்தில் எல்லாரும் அவளை லல்லா ஷஃபீக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இருபது ஆண்டுகளாக அதே கட்டடத்தில் இருந்த ஹவாரியாவை யாரும் லல்லா என்று கூப்பிட்டதில்லை. ஹவாரியா, அவ்வளவுதான்.

அன்று பிடித்தது வயிற்றெரிச்சல். ஷஃபீக்காவின் திரைச்சீலை வெள்ளையாக இருந்தால் ஹவாரியா தன் திரைச்சீலையைக் கழற்றி அன்றே துவைத்தாள். ஷஃபீக்கா படிக்கட்டில் தன் பங்கோடு சேர்த்து நான்கு படி அதிகமாகக் கழுவினால், "பேர் வாங்கத்தான் கழுவுறா" என்றாள். நான்காம் மாடிக் கெய்ராவின் பேரனுக்குச் சுன்னத்து விருந்து வந்தது. அதுவரை எல்லா விருந்திலும் பலகாரத் தட்டுகளை அடுக்கி அலங்கரித்தது ஹவாரியாதான். அந்த முறை கெய்ரா நேராக மூன்றாம் மாடிக்குப் போனாள். ஹவாரியா விருந்துக்குப் போனாள், எல்லாத் தட்டையும் பார்த்தாள், ஒரு துண்டும் சாப்பிடாமல் திரும்பி வந்தாள்.

"வயிறு சரியில்லியா?" என்று கேட்டார் அவள் கணவர் முக்தார். துறைமுகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் மலை, குரல் மெல்லியது.

"நல்லாத்தான் இருக்கு. பலகாரத்துல ரோஜாத் தண்ணி வாடை பிடிக்கல."

"நேத்து வரைக்கும் பிடிச்சுதே."

"நேத்து வரைக்கும் அந்தத் தெலெம்சான்காரி அதுல கை வைக்கல" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தம் வரும்படி கழுவினாள்.

அவளுக்கு மிஞ்சியிருந்தது தொட்டி ஒன்றுதான். லல்லாவின் தொட்டியிலும் பட்டை இருந்தது. ஊரையே மயக்கிய அந்தக் கை, உப்புக் கறையிடம் தோற்றுப் போயிருந்தது. படுக்கப் போகும் முன் ஹவாரியா விளக்கைப் போட்டுத் தன் தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அப்படி இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர் வந்து நின்ற பிறகு, ஷஃபீக்கா கீழே இறங்கி வந்தாள். கையில் ஒரு தட்டு, மேலே துணி மூடியிருந்தது.

"ஹவாரியாக்கா, உங்ககிட்ட ஒரு உதவி கேக்க வந்தேன். வெக்கமாத்தான் இருக்கு."

"உக்காருங்க லல்லா. உங்களுக்கு என்ன வெக்கம்?"

"என் மக சிஹாமைப் பொண்ணு பாக்க வியாழக்கிழமை வர்றாங்க. மாப்பிள்ளையோட அம்மா, ஹஜ் போய்ட்டு வந்தவங்க, ஹஜ்ஜா ரஹ்மூனா. பள்ளிக்கூடத்துல தலைமை ஆசிரியையா இருந்தவங்க. தூசி இருக்கான்னு கதவு மேல விரல வச்சுப் பாப்பாங்களாம்."

ஹவாரியாவுக்குப் புரிந்துவிட்டது. பெண் பார்க்க வரும் மாமியார்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், "கொஞ்சம் கை கழுவணும்" என்பார்கள். கை அழுக்காகியிருக்காது. கூடத்தை யாரும் ஒரு நாளில் மினுக்கிவிடலாம், குளியலறைதான் அந்த வீட்டுப் பெண்களைப் பற்றிய உண்மையைச் சொல்லும் என்பது அவர்கள் கணக்கு.

"எங்க தொட்டிதான் மானத்த வாங்குது. நான் போடாத பொருள் இல்ல. உங்க வீட்டு மாதிரி வெள்ளையாக்க என்ன செய்யணும்னு சொல்லுங்க. நான் உங்களுக்காக துஆ செய்வேன்."

ஹவாரியாவின் உள்ளம் அந்த நிமிடம் குளிர்ந்தது. ஊரே லல்லா என்று கூப்பிடுகிறவள், தன் சமையலறையில், மடியில் கையை வைத்துக்கொண்டு கெஞ்சுகிறாள். அடுத்த நிமிடமே அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. சொன்னால் மூன்றாம் மாடித் தொட்டியும் வெள்ளையாகிவிடும். வெளியூர்ப் பெண்கள் இனி மேலே போவார்கள். துண்டோடு நிற்பது ஷஃபீக்காவாக இருக்கும்.

சொல்லாமலும் இருக்க முடியாது. தட்டோடு வந்தவளைத் திருப்பி அனுப்பினால் கட்டடம் காறித் துப்பும்.

ஹவாரியாவின் வழி இதுதான். ஒரு தண்ணீர் நாளில் கறையின் மேல் ஆசிட் தடவித் தேய்ப்பாள். சாமான் கடையில் பழைய தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி, பெயர்கூட எழுதாமல் விற்கும் ஆசிட். பிறகு வாடை சுத்தமாகப் போகும்வரை பத்துப் பன்னிரண்டு வாளித் தண்ணீர் விட்டு அலசுவாள். அதோடு அன்றைய வேலை முடிந்தது. மூன்று நாள் கழித்து, அடுத்த தண்ணீர் நாளில்தான், துணி வெளுக்கிற ஜவேலை ஊற்றி வெள்ளையாக்குவாள். இந்த வழியை அவள் ஒரு பெருநாளுக்கு முன்பு பட்டுத்தான் கற்றுக்கொண்டாள். அன்று அவசரத்தில் அலசாமல் ஆசிட்டின் மேலேயே ஜவேலை ஊற்றினாள். புகை கிளம்பி மூச்சை அடைத்தது. கண்ணில் தாரை தாரையாக நீர். ஓடி வெளியே வந்துவிட்டாள். ஒரு வாரம் இருமினாள். கேட்டவர்களிடம் சளி என்றாள்.

இப்போது ஷஃபீக்காவிடம் அவள் அன்பான குரலில் சொன்னாள். "முதல்ல ஆசிட்ட ஊத்தி கறை மேல நல்லா பிரஷ்ஷால தேய்ங்க. அப்புறம் ஜவேல் ஊத்துங்க. அவ்வளவுதான் லல்லா."

"அவ்வளவுதானா? நான் என்னமோ பெரிய வித்தைன்னு நினைச்சேன்."

"எல்லாம் கைதான்" என்றாள் ஹவாரியா.

அலச வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று நாள் விட வேண்டும் என்று சொல்லவில்லை. ஜன்னலைத் திற என்று சொல்லவில்லை. அவள் மனத்தில் கொலை எண்ணம் எதுவும் கிடையாது. கொஞ்சம் இருமட்டும், தொட்டி திட்டுத் திட்டாக நிற்கட்டும், ஹஜ்ஜா முகத்தைச் சுளிக்கட்டும், அவ்வளவுதான் நினைத்தாள். பொறாமைக்காரர்கள் எல்லாருமே அவ்வளவுதான் நினைக்கிறார்கள்.

மறுநாள் புதன்கிழமை. மத்தியானம் முக்தாருக்கு மத்தி மீன் பொரித்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்த ஹவாரியாவுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மேல் வீட்டு லல்லா நேத்து வந்து என் கால்ல விழாத குறை. தொட்டி ரகசியம் வேணுமாம்."

"சொல்லிட்டியா?"

"சொன்னேன், சொன்னேன். ஆசிட்டும் ஜவேலும்னு."

முக்தார் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "நடுவுல அலசணும்னு சொன்னியா?"

அவள் ரொட்டியைப் பிய்த்தாள்.

"ஹவாரியா, உன்னத்தான் கேக்கறேன். நீ ஒரு வாரம் இருமினியே, முதுகத் தடவிவிட்டது நான்தான். அதச் சொன்னியா?"

"எல்லாத்தையும் அவகிட்ட கொட்டிட்டா அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு? திரைச்சீல அவளுது, படிக்கட்டு அவளுது, தட்டு அவளுது. ஒரு தொட்டி, ஒரே ஒரு தொட்டி எனக்கு இருக்கக் கூடாதா?"

"இன்னிக்குக் குழாயில தண்ணி இல்ல. வெள்ளிக்கிழமைதான் வரும். தேய்க்கறதுக்குத் தொட்டியக் காலி பண்ணியிருப்பா, அப்புறம் எதை வச்சு அலசுவா?"

"கேன்ல வச்சிருப்பா."

"கேன்ல இருக்கறதுல நாளைக்கு விருந்து சமைக்கணும். ஒரு வாளிகூட விடமாட்டா. எந்திரி, மேல போய்ச் சொல்லிட்டு வா."

"சாப்பிட்டுட்டுப் போறேன்" என்றாள்.

அவள் சாப்பிட்டாள். வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டாள் என்றுதான் நான் சொல்வேன். போய்ச் சொல்வதென்றால் வேண்டுமென்றே விட்டதை ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடும். என்ன பொய் சொல்லலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கழுவினாள். அடுப்பைத் துடைத்தாள்.

எங்கள் கட்டடத்தில் குளியலறை ஜன்னல்கள் எல்லாம் நடுவில் இருக்கும் ஒரு குறுகிய காற்றுக் குழியைப் பார்த்துத் திறக்கும். ஹவாரியா கை துடைக்கக் குளியலறைக்குள் போனபோது அந்தக் குழி வழியாக மேலிருந்து வாடை இறங்கி வந்தது. மூக்கைக் குத்துகிற, தொண்டையைச் சுரண்டுகிற வாடை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த வாடை.

கூடவே இருமல் சத்தம். ஷஃபீக்கா இருமினாள். ஒருமுறை, இரண்டு முறை, பிறகு விடாமல்.

வெட்கத்தோடு ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. அந்த இருமலைக் கேட்டதும் ஹவாரியா உடனே ஓடவில்லை. ஜன்னலருகே நின்றாள். தேன் குரல் நாய் குரைப்பதுபோல ஆகிவிட்டதைக் கேட்டு அவளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இதோ இப்போது கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவருவாள், நானும் அப்படித்தானே ஓடினேன் என்று காத்திருந்தாள்.

வாளி ஒன்று தரையில் உருண்டது. அதன் பிறகு சத்தமே இல்லை. கதவு திறக்கும் சத்தமும் இல்லை.

ஹவாரியா செருப்பில்லாமல் ஓடினாள். பின்னாலேயே முக்தார். மூன்றாம் மாடிக் கதவில் சாவி வெளியிலேயே தொங்கியது, பகலில் இங்கே யாரும் பூட்டுவதில்லை. கூடத்தில் நீளமான மேசையில் வெள்ளைத் துணி விரித்து, வியாழக்கிழமைக்கான பலகாரங்கள் வரிசையாக ஆற வைக்கப்பட்டிருந்தன. வீட்டில் வேறு யாரும் இல்லை. சிஹாம் தோழிகளோடு ஹம்மாமுக்குப் போயிருந்தாள், ஷஃபீக்காவின் கணவர் ஊருக்குப் போயிருந்தார். குளியலறைக் கதவு மூடியிருந்தது. பலகாரத்தில் வாடை ஏறிவிடக் கூடாதே என்று ஷஃபீக்கா உள்ளிருந்து கதவடியில் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தாள். ஜன்னலையும் சாத்தியிருந்தாள். அதன் இடுக்கு வழியாக வந்ததுதான் கீழே அவ்வளவு வாடை.

முக்தார் தோளால் முட்டினார். கதவின் பின்னால் ஏதோ தடுத்தது. அது ஷஃபீக்காதான். கதவை நோக்கி வந்து அங்கேயே விழுந்திருந்தாள்.

முக்தார் இரண்டாம் முறை முட்டியதில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி கிடைத்தது. அவர் உடம்பு அதில் நுழையாது. ஹவாரியா தலைத்துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். மஞ்சளும் பச்சையுமாக ஒரு மூட்டம் முழங்காலளவு நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷஃபீக்காவின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு கையில் பிரஷ் இன்னும் இருந்தது. இருவரும் அவளைத் தூக்கி, பலகார மேசையைக் கடந்து, தெருப்பக்கப் பால்கனிக்குக் கொண்டுபோனார்கள். "லல்லா, மூச்சு விடுங்க. லல்லா, என் தங்கமே, மூச்சு விடுங்க" என்று ஹவாரியா கதறியதைத் தெருவில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அந்த 'லல்லா'வில் கிண்டல் துளியும் இல்லை.

அவசர ஊர்தி வந்தது. ஷஃபீக்கா ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாள். முதல் நான்கு நாள் பிழைப்பாளா என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. சிஹாம் ஹம்மாமிலிருந்து சிவந்த முகத்தோடு, கையில் மருதாணிப் பொட்டலத்தோடு வந்து, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது எப்படி இருந்தாள் என்பதை நான் எழுதப்போவதில்லை.

கட்டடத்தில் ஹவாரியாவின் பெயர் உச்சிக்குப் போனது. உயிரைக் காப்பாற்றினவள் அல்லவா. கெய்ரா ரவைப் பணியாரம் சுட்டு எடுத்துவந்தாள். காய்கறிக்காரன் புதினாக் கட்டை இலவசமாகக் கொடுத்தான். முதன்முறையாக யாரோ படிக்கட்டில் அவளை "லல்லா ஹவாரியா" என்றார்கள். இரண்டு ஆண்டுகளாக அவள் ஏங்கிக் கிடந்த சொல். அவள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளோடு பேசுவதையே முக்தார் குறைத்துக்கொண்டிருந்தார்.

ஷஃபீக்கா வீடு திரும்பிய மூன்றாம் நாள், கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் சர்க்கரை, காப்பித்தூள், வாழைப்பழம் என்று எடுத்துக்கொண்டு நலம் விசாரிக்கப் போனார்கள். ஹஜ்ஜா ரஹ்மூனாவும் வந்திருந்தார். சாம்பல் நிற மேலங்கி, கண்ணாடி, நிமிர்ந்த முதுகு. ஷஃபீக்கா மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குரல் போய்விட்டது. உடைந்த கரகரப்புதான் வந்தது.

"ஹவாரியாக்கா இல்லேன்னா நான் இன்னிக்கு மண்ணுக்குள்ள. தப்பு என்னோடதுதான். அளவு தெரியாம ஊத்திட்டேன்" என்றாள் அவள், ஹவாரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு. ஹவாரியா கையை உருவிக்கொள்ளவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவித்தாள்.

"என்ன அளவு, என்ன தப்பு?" என்று ஆரம்பித்தாள் கெய்ரா. "ஜவேல் ஊத்தாத வீடு இந்த ஊர்ல எங்க இருக்கு? உனக்கு மட்டும் ஏன் ஆகணும்? இது கண்ணு. பொண்ணுக்கு நல்ல இடம் வந்துச்சுல்ல, யாரோ வயித்தெரிச்சல்காரி கண்ணு வச்சுட்டா."

"ஆமாமா, கண்ணேதான்" என்றார்கள் மற்றவர்களும். சாம்பிராணி போடச் சொன்னாள் ஒருத்தி. உப்பைச் சுற்றி அடுப்பில் போடச் சொன்னாள் இன்னொருத்தி.

ஹஜ்ஜா ரஹ்மூனா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் இதப் பத்தித்தான் யோசிச்சிட்டு இருக்கேன். எனக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு. ஆனா எங்க குடும்பத்துல மூத்தவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. பொண்ணு பாக்கறதுக்கு முந்தின நாளே கண்ணு பட்ட வீடு, ஒரு வருஷம் போகட்டும்னு சொல்றாங்க. அப்புறம் அல்லாஹ் விட்ட வழி."

ஒரு வருஷம் போகட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். காப்பித் தட்டோடு வந்த சிஹாம் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். ஷஃபீக்கா ஏதோ சொல்ல வாய் திறந்தாள், இருமல்தான் வந்தது.

ஹவாரியா சும்மா இருந்தாலே போதும். அவள் எதுவும் செய்யவேண்டியதில்லை. கண்ணு என்று ஊரே சொல்லிவிட்டது. லல்லா என்ற பெயரும் உயிர் காத்தவள் என்ற புகழும் அவளுக்கே நிலைக்கும், மேல் வீட்டுக்காரியின் மகள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பாள். வாயை மூடிக்கொள்வது எப்படி என்று அவளுக்குத் தெரியும். அன்று ஒருமுறை மூடிக்கொண்டதில் என்ன ஆனது என்பதும் தெரியும்.

"கண்ணு இல்ல, ஹஜ்ஜா" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"கண்ணும் இல்ல, அளவும் இல்ல. என் வாய். லல்லா என்கிட்ட வழி கேட்டாங்க. ஆசிட் ஊத்து, அப்புறம் ஜவேல் ஊத்துன்னு சொன்னேன். ரெண்டும் சேந்தா மூச்ச அடைக்கும்னு எனக்குத் தெரியும். நானே ஒருதடவ பட்டிருக்கேன். நடுவுல அலசணும், மூணு நாள் விடணும்னு தெரிஞ்சே சொல்லாம விட்டேன். இவங்க இருமறது என் ஜன்னல்ல கேட்டுச்சு. கேட்டுட்டு நின்னுட்டிருந்தேன். அப்புறந்தான் ஓடிவந்தேன்."

ஷஃபீக்கா பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள்.

கெய்ராதான் முதலில் பேசினாள். "அட, நாம எல்லாருந்தான் ஒண்ண விட்டுட்டுச் சொல்றோம். நான்கூட..."

"நீ விட்டா பணியாரம் கெட்டியாப் போகும், கெய்ரா. அதத் தின்னு யாரும் சாகல. ஆபத்துன்னு தெரிஞ்ச ஒண்ண மறச்சு வச்சா அதுக்குப் பேரு ரகசியம் இல்ல. குத்தம். பச்சக் குத்தம். எல்லாரும் கேட்டுக்குங்க. ஆசிட்டும் ஜவேலும் ஒண்ணா சேரவே கூடாது. ஜவேலோட வினிகரும் சேரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. எலுமிச்சையும் அப்படித்தானாம். எதுவா இருந்தாலும் ஜன்னல் திறந்திருக்கணும். என்னைக் கேட்டா ஆசிட்டே வேணாம், எனாமலையும் தின்னுடும். வினிகர்ல துணிய நனைச்சு கறை மேல ஒட்டி வச்சுட்டு, அலசிட்டு, சோடா உப்பு போட்டுத் தேய்ங்க. நாலு தடவ செஞ்சா போகும். போகலன்னா கறையோட இருந்துட்டுப் போகட்டும். அதுல தண்ணிதானே பிடிக்கிறோம்."

ஹஜ்ஜா ரஹ்மூனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். வகுப்பில் திருடிய பிள்ளை தானாக எழுந்து நின்றால் தலைமை ஆசிரியைகள் இப்படித்தான் நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

"அப்ப கண்ணு இல்லேன்னு ஆச்சு" என்றார் கடைசியில். "மூத்தவங்ககிட்ட நான் பேசிக்கறேன். வர்ற வெள்ளிக்கிழமை ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிடலாம். சிஹாம், காப்பி ஆறுது பாரும்மா." பிறகு ஷஃபீக்காவின் பக்கம் திரும்பி, "நான் கை கழுவறேன்னு கேக்கறது எனக்குச் சர்க்கரை வியாதி, அடிக்கடி போகணும், அதுக்காக. எந்தத் தொட்டியையும் நான் இதுவரைக்கும் பாத்ததில்ல" என்றார்.

யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஹவாரியா எழுந்தாள். வாசல்வரை போய்விட்டாள்.

"ஹவாரியாக்கா." அந்தக் கரகரத்த குரல் அவளை நிறுத்தியது. ஷஃபீக்கா அவளை நேராகப் பார்த்தாள். மன்னித்த பார்வை என்று சொல்ல முடியாது. "எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா? இல்ல இன்னும் ஒண்ணக் கைவசம் வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு இருக்கு லல்லா" என்றாள் ஹவாரியா. "பொறாமை. உங்க மேல ரெண்டு வருஷமா எனக்குப் பொறாமை. ஆசிட்டும் ஜவேலும் கடையில தனித்தனி பாட்டில்ல இருந்தவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகல. அது ரெண்டையும் சேத்துக் கொடுத்தது என் பொறாமைதான்."